எப்சி சிஸ்டரின் தபால் படிப்பு

எங்கள் தெருவில் ஒரு பெண் படிக்க ஆரம்பித்தால் அது அவளுடைய படிப்பு இல்லை, தெருவினுடைய படிப்பு. எதிர்வீட்டு எப்சிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். ஆனால் மறைக்கிற சாமர்த்தியம் அவளுக்குக் கம்மி. ஒரு வீட்டுக்கு அடிக்கடி செங்கல் கனத்தில் தபால் பார்சல் வந்தால், போஸ்ட்மேனை நாலு பேர் நிறுத்தி விசாரிக்கத்தான் செய்வார்கள். அந்த நாலு பேரில் முதல் ஆள் யார் என்று எழுதிக்கொண்டிருப்பது அநாவசியம்.

"புஸ்தகம்மா. எல்லாம் இங்கிலீஷ்ல ஒடம்பு படம் போட்டது," என்றார் போஸ்ட்மேன்.

எப்சி ஆம்பூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிற ஒரு நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். டிப்ளமோக்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அதே ஆஸ்பத்திரி, அதே வெள்ளைச் சேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. புருஷன் கிறிஸ்துராஜ் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களால் வீட்டில் எவ்வளவு கஷ்டம் வரும் என்பது பின்னால் வரும். ஒரே மகள் ரெனிட்டா அப்போது எட்டாவது.

அன்று சாயங்காலமே துணி எடுக்கிற சாக்கில் பிடித்துக்கொண்டேன். "இன்னா எப்சி, பாப்பாவுக்கு அதுக்குள்ள டாக்டர் புஸ்தகமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பொய் யோசிக்கிற முகம். பிறகு அதற்கும் அலுத்துப் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். "எனக்குத்தான் கண்ணம்மாக்கா. பி.எஸ்சி. நர்சிங். தபால்ல."

"இந்த வயசுலயா?"

எப்சி சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகச் சுருண்டு சுருண்டு கிடந்தது. "டிப்ளமோவ வெச்சிக்கினு சாவற வரைக்கும் நின்னுக்கினேதான் இருக்கணும். டிகிரி இருந்தா நர்சிங் ஸ்கூல்ல டியூட்டரா சேரலாம். காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துடலாம். உக்கார நாற்காலி இருக்கும். ராத்திரி தூங்கலாம்."

கடைசி இரண்டு வார்த்தையை, மற்ற நர்சுகள் துபாய், சவூதி என்று சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் தெரியக்கூடாதுக்கா. தெரிஞ்சா மேட்ரன் லீவு குடுக்காது. உன்கிட்டதான் சொல்லியிருக்கேன்."

என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டு சைராவுக்கு முழுக்கதையும் எப்படித் தெரிந்திருக்கும்? கேட்டேன். சைராவின் புருஷன் ரஃபி அகமது பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். 2004 வாக்கில் ஊரில் யார் எந்தப் படிப்புக்குப் போனாலும் அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். எந்தப் படிப்பில் சேர்வது என்று எப்சி ஒரு மாதம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். அத்தனையும் சைரா காதுக்கு வந்திருக்கிறது. நமக்குத்தான் தகவல் லேட்.

மூன்று வழி இருந்ததாம். ஒன்று, வேலையை விட்டுவிட்டு வேலூரில் ரெகுலர் காலேஜ். சம்பளம் நின்றால் ரெனிட்டாவின் படிப்பு நிற்கும். அதைத் திறக்காமலே மூடிவிட்டாள். இரண்டாவது, கிறிஸ்துராஜ் எங்கேயோ நோட்டீஸ் பார்த்துக் கண்டுபிடித்தது. வேலூரில் மாடியில் ஏசி ரூம் போட்டு ஒரு ஏஜென்ட் உட்கார்ந்திருந்தான். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள்.

"அமெரிக்காவுல நர்ஸ் ப்ராக்டிஷனர்னு இருக்கு சிஸ்டர். டாக்டர் மாதிரி மருந்தே எழுதலாம். எல்லாமே ஆன்லைன். நீங்க வீட்ட விட்டு எறங்கவே வேணாம்."

"பேஷண்ட எப்ப பாக்கறது?" என்று எப்சி கேட்டாளாம்.

"பேஷண்டெல்லாம் ஸ்கிரீன்லயே வருவாங்க."

"ஊசி போடறது?"

"அதுவும் மவுஸ்தான் சிஸ்டர்."

எப்சி எழுந்துவிட்டாள். கிறிஸ்துராஜுக்கு எழ மனசில்லை. கூரியரிலேயே சர்டிபிகேட் வந்துவிடும் என்றால் எவனுக்கு எழத் தோன்றும்? பஸ்சில் திரும்பும்போது, "கவர்மென்ட் நர்சு ஒருத்தி சேந்திருக்காளாமே," என்றானாம். "அவ மவுஸுக்கு ஊசி போடட்டும்," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து எப்சி ஆம்பூர் வரும்வரை தூங்கியிருக்கிறாள்.

மூன்றாவதுதான் இது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம். புத்தகம் தபாலில் வரும். சனி ஞாயிறுகளில் வேலூருக்கு வகுப்புக்குப் போக வேண்டும். வருஷத்துக்குச் சில வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் பிராக்டிகல். வகுப்புக்கு வராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். மூன்று வருஷப் படிப்பு. அதற்குள் முடியாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம். சரி, இதுதான் என்று சேர்ந்துவிட்டாள்.

சனி ஞாயிறு ஆஃப் வேண்டுமே, அதற்கு என்ன செய்தாள் தெரியுமா? மேட்ரன் ரோசிடம், "மாமியாருக்கு ரொம்ப முடியல மேடம், திருப்பத்தூர் போய்ப் பாத்துக்கணும்," என்று சொல்லிவிட்டாள். மாமியார்க்காரி திருப்பத்தூர் சந்தையில் கோழி விற்றுக்கொண்டு, கேட்பவர்களை எல்லாம் ஏசிக்கொண்டு திடகாத்திரமாக இருந்தாள். போன கிறிஸ்துமசுக்கு வந்தபோது ஒரு மூட்டை நிலக்கடலையைத் தலையில் வைத்து பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தவள். அவளைத்தான் எப்சி படுக்கையில் போட்டாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியம். எனக்கு அந்த வேலையே வைக்கவில்லை கிறிஸ்துராஜ்.

அவர்கள் சர்ச்சில் ஒரு வழக்கம். யாருக்காவது உடம்பு சரியில்லை, வேலை வேண்டும், பெண்ணுக்கு வரன் வேண்டும் என்றால் ஒரு சீட்டில் எழுதிக் காணிக்கையோடு கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயர், அதாவது அவர்கள் பாதிரியார், அதை வாசித்து, எல்லோரும் ஜெபம் பண்ணுவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் சர்ச்சு கோபுரத்தில் நாலு பக்கமும் பார்த்தபடி நாலு கூம்பு ஸ்பீக்கர் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களைவிட வெளியே இருக்கிற எங்களுக்கு இன்னும் தெளிவாகக் கேட்கும். யார் வீட்டில் மூலம், யார் வீட்டில் கோர்ட்டு கேசு, எல்லாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்களுக்கு வந்துவிடும். நாங்கள் சீட்டு எழுதாத குறைதான்.

முதல் வருஷப் பரீட்சை நெருங்கிய நேரம். நான் கறி கழுவிக்கொண்டிருந்தேன். ஐயர் குரல் வந்தது.

"சகோதரி எப்சி கிறிஸ்துராஜ் அவர்கள், தபால் வழியாகப் படித்துவரும் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டுத் தேர்வுகளைக் கர்த்தர் ஆசீர்வதிக்கும்படியாக, அவருடைய கணவர் சகோதரர் கிறிஸ்துராஜ் கேட்டுக்கொள்கிறார். நாம் ஜெபிப்போம்."

சைரா வடிதட்டோடு வெளியே ஓடி வந்தாள். "அக்கா! கேட்டீங்களா?"

"ஸ்டேஷன்ல நின்னுக்கினு இருக்கற கூட்ஸ் வண்டிக்கே கேட்டுச்சி."

மேட்ரன் ரோஸ் வீடு சர்ச்சுக்கு நேர் பின்னால். அந்தம்மா வேறு சபை, மாதா கோயில். விடிகாலைப் பூசை முடித்துவிட்டு, அந்த நேரத்தில் வராண்டாவில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும். கடவுளுக்குக் கேட்டதோ இல்லையோ, அங்கே கேட்டிருக்கும்.

கிறிஸ்துராஜ் மல்லு வேட்டியில் மலர்ந்த முகத்தோடு வந்தான். "இன்னாக்கா, ஐயரு அழகா வாசிச்சாரு இல்ல?"

"ரொம்ப அழகு. மேட்ரன் அம்மாவும் ஆமென் சொல்லியிருக்கும்."

ஒரு நொடி நின்றான். அப்புறம் முகத்தில் இருந்த ஆசீர்வாதம் எல்லாம் வடிந்து இறங்கியது. பாவம். அவன் மறைக்க வேண்டியது மனுஷர்களிடம் மட்டும்தான் என்று நினைத்திருந்தான். சர்ச்சும் மனுஷர்கள்தான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வேலூரிலிருந்து எப்சி வந்தாள். சத்தம் போடுவாள் என்று நானும் சைராவும் வாசலிலேயே இருந்தோம். கிறிஸ்துராஜ் நடந்ததைச் சொன்னான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு அவனிடம், "ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும்ங்க," என்றாள். அவ்வளவுதான். சண்டை என்று எதிர்பார்த்து ஒரு மணி நேரம் நின்றது வீண்.

மறுநாள் எனக்கு சுகர் டெஸ்ட். உண்மையிலேயே இருந்தது. மேட்ரன் அறைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தால் கதவு திறந்தேதான் இருக்கும். எப்சி நின்றுகொண்டிருந்தாள். மேட்ரன் கண்ணாடியைத் துடைத்தபடி ஆரம்பித்தது.

"மாமியாருக்கு எப்படிம்மா இருக்கு?"

"இப்ப... பரவால்ல மேடம்."

"பாஸ் பண்ணிடுவாங்களா?"

எனக்கே சுருக்கென்றது. எப்சி தலையைக் குனிந்தாள். மேட்ரன் ரோஸ் உயரம் கம்மி, குரல் அதைவிடக் கம்மி. அந்தக் குரலுக்குத்தான் ஆஸ்பத்திரியே நடுங்கும்.

"பொய் சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல. இங்க பொய் சொல்லாத ஸ்டாஃப் யாரு? போன தடவ இப்படி ஒருத்தி படிச்சா. முடிச்ச மறு மாசம் சவூதி. இன்னி வரைக்கும் அவ எடத்துக்கு ஆள் இல்ல. இப்ப நீ."

"நான் வெளிநாட்டுக்கெல்லாம் போவல மேடம்."

"அப்ப எதுக்குப் படிக்கிற?"

தூங்குவதற்கு என்று மேட்ரனிடம் எப்படிச் சொல்வது?

"சரி. சனி ஞாயிறு ஒனக்கு வேணும். தர்றேன். பிராக்டிகலுக்கும் லீவு தர்றேன். மத்த நாளெல்லாம் நைட். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இல்ல. நீ படிப்ப முடிக்கற வரைக்கும் நைட்டுதான். முடியும்னா பாரு, முடியலன்னா புஸ்தகத்த எடைக்குப் போடு."

"சரி மேடம்."

இரண்டே வார்த்தை. ராத்திரி தூங்குவதற்காகப் படிக்கப் போனவள், படிப்பதற்காக ராத்திரித் தூக்கம் மொத்தத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று எனக்கு சுகர் ஜாஸ்தி என்றார்கள். ஏறாமல் என்ன செய்யும்?

அதற்கப்புறம் எப்சியைத் தெரு எதிர்த்திசையில்தான் பார்த்தது. காலையில் ஷூ கம்பெனி பஸ்சுக்குப் பெண்கள் டிபன் கேரியரோடு ஓடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு எதிரே, சுவரை ஒட்டி, எப்சி வருவாள். "குட் மார்னிங் சிஸ்டர்" என்று அவர்கள் சொன்னால், "குட் நைட்" என்பாள். முதலில் சிரித்தார்கள். அவள் ஜோக்கு அடிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

பகலில் வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல் முழுக்க ஆஸ்பத்திரியில் கழித்த பழைய எக்ஸ்ரே பிலிம்களை ஒட்டினாள். வெயில் ஏறியதும் யாரோ ஒருவருடைய விலா எலும்பு, யாரோ ஒருவருடைய இடுப்பு, ஒரு முழங்கை என்று ஜன்னலில் தெரியும். தெருப் பிள்ளைகள் கூடி நின்று பார்த்தன. முழங்கை ஸ்கூட்டரில் விழுந்த வாஹித் பாஷாவுடையது என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

தூங்கினாளா என்றால், அதுவும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு மோட்டார் போட வேண்டும், தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால் குடத்தோடு ஓட வேண்டும். நடு நடுவே அந்த ஜன்னலுக்கு உள்ளேயிருந்து படிப்பு கேட்கும். தமிழ் மீடியத்தில் படித்தவள். அந்த இங்கிலீஷ் புத்தகத்தை வேத வசனம் மாதிரி உரக்க வாசிப்பாள். "லிப்பிட்ஸ் ஆர்... லிப்பிட்ஸ் ஆர்..." என்று கேட்கும். அப்புறம் சத்தம் நின்றுவிடும். தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். லிப்பிட் என்றால் என்ன என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவளுக்கும் ரொம்ப நாள் தெரியவில்லை என்பது ரிசல்ட் வந்தபோதுதான் தெரிந்தது.

பிராக்டிகல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடியும் மாணவி. மாணவிகளுக்கு என்று ஒரு நீலக் கோடு போட்ட சேலை, நெஞ்சில் பேர் வில்லை. நாற்பதை நெருங்குகிற பெண் அதைக் கட்டிக்கொண்டு வேலூர் பஸ்சுக்கு நின்றபோது, ரெனிட்டா அம்மாவை விட்டு நாலடி தள்ளி நின்றாள். அங்கே பாடம் எடுக்கிறவளுக்கு எப்சியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கம்மியாம். படுக்கை விரிக்கக் கற்றுக் கொடுத்தாளாம். "நான் மொதல் பெட்டு விரிச்சப்போ மூணாவது படிச்சிக்கினு இருந்திருப்பா அந்தப் பொண்ணு," என்று எப்சி சொன்னாள். கோபமாகக்கூட இல்லை. கோபப்பட ஒரு தெம்பு வேண்டும்.

அடுத்த வருஷம் இன்னொரு கூத்து. அஞ்சு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வீட்டு ஆரோக்கியத்தைப் பற்றி விசாரித்து எழுதி மார்க் வாங்க வேண்டும். அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்டால் மார்க்! அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன். எப்சி எங்கள் வீட்டையும் ஒன்றாகப் பிடித்தாள்.

"குடிக்கற தண்ணி எங்க இருந்துக்கா?"

"நீ எங்க இருந்து பிடிக்கிறியோ அங்க இருந்துதான். லாரி."

"கெணத்துத் தண்ணி?"

"அதுல பாத்திரம் கழுவுனா பாத்திரம் கறுக்குது. தெரியாத மாதிரி கேக்கறியே."

"கேக்கணும்க்கா, கேள்வில இருக்கு. வீட்ல யாருக்காச்சும் குடிப்பழக்கம்?"

உள்ளே என் வீட்டுக்காரர் சம்பத் இருமினார்.

"எழுதிக்கோ, எப்பவாச்சும்னு," என்றேன்.

"எப்பவாச்சும்னா?"

"எப்சி, நீ நல்லா இருப்ப, அடுத்த கேள்விக்குப் போ."

அவள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தால், பேனா தாளில் ஒரு கோடு இழுத்தபடி நிற்க, கண் மூடிவிட்டாள். நான் எழுப்பவில்லை. மரியாதையாக அந்த நேரத்தில் சம்பத்தைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டேன்.

பரீட்சைகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. ஒன்று மட்டும் தாண்டவில்லை. கெமிஸ்ட்ரியும் பிசிக்சும் சேர்ந்த ஒரு பேப்பர். முதல் தடவை போனது. சர்ச்சில் விடுவார்களா? கிறிஸ்துராஜ் சீட்டே கொடுக்காவிட்டாலும் ஐயர் மறக்கவில்லை. ஜூன் பரீட்சைக்கு முன்னால் ஒரு ஞாயிறு, டிசம்பர் பரீட்சைக்கு முன்னால் ஒரு ஞாயிறு. "சகோதரி எப்சி மீண்டும் எழுதுகிற தேர்வுக்காக." அடுத்த தடவை, "இந்த முறையாவது." தெருவில் கறிக்கடை நிசார் அஹமது வரைக்கும் விசாரிக்க ஆரம்பித்தார். "இன்னா சிஸ்டர், அந்த ஒரு பேப்பர் பேஜார் பண்ணுதாமே?"

மூன்றாம் தடவையும் போனபோது எப்சி நேரே ஐயர் வீட்டுக்குப் போனாள். ஐயரம்மாவிடம் முறுக்கு மாவு கடன் கேட்க நானும் அதே நேரத்தில் போயிருந்தேன்.

"ஐயரே, எனக்காக ஜெபம் பண்ணுங்க. வேணாம்னு சொல்லல. மைக்க ஆஃப் பண்ணிட்டுப் பண்ணுங்க."

ஐயர் நல்லவர். தலையைச் சொறிந்தார். "அப்படிப் பண்ணா, எப்சிக்கு மட்டும் ஏன் ரகசியமா ஜெபிக்கறாங்க, என்னா விஷயம்னு கேப்பாங்களேம்மா."

அதுவும் வாஸ்தவம்தான். நானே கேட்டிருப்பேன்.

அவகாசம் இன்னும் ஒரே ஒரு பரீட்சைக்குத்தான் பாக்கி. அதுவும் போனால் அத்தனை வருஷமும் பூஜ்யம். திரும்பி வரும்போது எப்சி ரயில்வே கேட்டில் நின்றுவிட்டாள். கேட் மூடியிருக்கவில்லை.

"விட்டுடேன்டி," என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, ஜன்னல் எக்ஸ்ரேவே தேவலை என்று இருந்தது.

"விடறதுக்கும் தெம்பு வேணும்க்கா," என்றாள். "விட்டா உனக்குச் சொல்லணும், சைராவுக்குச் சொல்லணும், சர்ச்சுல நூறு பேருக்குச் சொல்லணும், மேட்ரன் சிரிக்கறதப் பாக்கணும். அவ்ளோ பேர்கிட்ட பேசறதுக்கு, போய் எழுதிட்டு வர்றது சுலபம்."

எழுதிவிட்டு வந்தாள். எப்படி எழுதினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது எங்கள் தெருவுக்கு எவ்வளவு பெரிய தியாகம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

ரிசல்ட்டை ரஃபி அகமது சென்டரில் பார்த்தோம். எப்சி நைட் முடித்து அப்படியே வந்திருந்தாள். நான், சைரா, கிறிஸ்துராஜ், எல்லோரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால். அது சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்ட் போய் வந்தது. மறுபடி சுற்றியது. ரஃபி நம்பரை இரண்டு தடவை ஒத்துப் பார்த்துவிட்டு, "பாஸ் சிஸ்டர். எல்லாம் பாஸ்," என்றார். கிறிஸ்துராஜ் அங்கேயே அழுதுவிட்டான். சைரா அவளைக் கட்டிக்கொண்டாள். எப்சி, "இன்னொரு தடவ பாருங்க பாய்," என்றாள். மறுபடி பார்த்தார். "சரி, நான் போய்ப் படுக்கறேன்," என்று எழுந்து போய்விட்டாள். பிரியாணி வாங்கிக்கொண்டு நாங்கள் போனபோது கதவு உள்பக்கம் தாழ்.

இது 2008. ஒரு மாதத்தில் வேலூர்ப் பக்கம் ஒரு நர்சிங் ஸ்கூலில் டியூட்டர் வேலை கிடைத்தது. வருகிற ஒண்ணாம் தேதி சேர வேண்டும். தாண்டினால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வரிசையில் ஆள் இருந்தது.

இங்கே வந்தால் நர்சிங் ஹோம் சட்டம் வேறு. ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பெரிய டாக்டர் கையெழுத்து போட மாட்டேன் என்றார். "மேட்ரனக் கேளுங்க" என்றார். மேட்ரன், "டாக்டரக் கேளு" என்றது. ஒண்ணாம் தேதிக்கு ஒரு வாரம்கூட இல்லை. ரிலீவ் பண்ணாமல் போனால் அனுபவச் சான்றிதழ் கிடையாது. அது இல்லாமல் ஸ்கூலில் சேர்க்க மாட்டார்கள். அத்தனை வருஷ ராத்திரியும் ஒரு கையெழுத்தில் வந்து நின்றது.

அன்று எனக்குச் சாப்பிடாமல் எடுக்கிற சுகர் டெஸ்ட். காலை எட்டு மணிக்குப் பெஞ்சில் இருந்தேன். எப்சி நைட் முடிந்த கையோடு மேட்ரன் அறைக்குள் போனாள். நின்றுதான் பேசுவாள். அன்று என்னவோ, மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மேட்ரன் நிமிர்ந்து பார்த்தது. அப்புறம் ஆரம்பித்தது.

"போறேன் போறேன்னு நீங்க போய்டுவீங்க. யாரு நைட் பாக்கறது? போன மாசம் சேந்த ரெண்டு பொண்ணும் ராத்திரின்னா அப்பா வந்து அழைச்சிக்கினு போய்டறாரு. எனக்கு அம்பத்தாறு வயசு. நானா வந்து நிக்கணும்? சனி ஞாயிறு குடுத்தேன், பிராக்டிகலுக்குக் குடுத்தேன், இங்க டாக்டர்கிட்ட நான் வாங்குன பேச்சு உனக்குத் தெரியுமா? எவளாச்சும் ஒருத்தி, ஒருத்தியாச்சும், மேடம் நீங்க எப்படி இருக்கீங்கன்னு..."

நிறுத்திவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். எப்சியின் தலை மேசை விளிம்பில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மேட்ரன் ரோசின் முன்னால், மேட்ரன் ரோஸ் திட்டிக்கொண்டிருக்கும்போதே, தூங்கிவிட்டாள்!

அந்த ஆஸ்பத்திரி சரித்திரத்தில் நடக்காதது. கூட்டுகிற ஆயாம்மா துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். பகல் டியூட்டி நர்ஸ், ராத்திரிக் கணக்கை, ஓவர் என்பார்கள், வாங்கிக்கொள்ள எப்சியைத் தேடி வந்தவள், வாசலிலேயே உறைந்துவிட்டாள்.

மேட்ரன் எழுந்தது. எப்சியை எழுப்பவில்லை. மேசையில் கிடந்த ராத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, வார்டு வார்டாகத் தானே போய்க் கட்டில் கட்டிலாகச் சொல்லி ஒப்படைத்தது. என் ரத்தத்தை எடுத்து ரொம்ப நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது என்றேன். பெஞ்சை விட்டு எழவில்லை.

மேட்ரன் திரும்பி வந்து ஏதோ எழுதியது. பெரிய டாக்டர் அறைக்குப் போனது. பத்து நிமிஷம் உள்ளே குரல் கேட்டது, டாக்டர் குரல்தான். தாளோடு வெளியே வந்தது. பிறகுதான் மேசையைத் தட்டியது.

"எப்சி."

எப்சி பதறி எழுந்தாள். "மேடம். ஓவர் குடுக்கணும் மேடம்."

"குடுத்தாச்சு. டியூட்டில தூங்குனா அன்னிக்கே வேலைய விட்டு நிறுத்தணும். இது இந்த ஆஸ்பத்திரி ரூல்."

"டியூட்டி முடிஞ்சிடுச்சே மேடம்..."

"ஓவர் குடுக்கற வரைக்கும் டியூட்டிதான். ஒன்ன நிறுத்தியாச்சு. நோட்டீசு, மூணு மாசம், ஒண்ணும் கெடையாது. டாக்டர் கையெழுத்து போட்டுட்டாரு. போ."

எப்சி தாளை வாங்கினாள். கூடவே இன்னொரு தாள் இருந்தது. அனுபவச் சான்றிதழ். அதில் தூங்கிய விஷயம் எதுவும் இல்லை. எப்சி மேட்ரனைப் பார்த்தாள். மேட்ரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"மேடம், நீங்க..."

"போம்மா. எனக்கு ரவுண்ட்ஸ் இருக்கு."

அப்படி ஒரு ரூல் இருப்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மருந்து கொடுக்கிற ஆள் ஷபீ அஹமது தினமும் மத்தியானம் கவுண்டரில் குறட்டை விடுகிறவர்; விஷயம் கேள்விப்பட்டதும் ஒரு வாரம் நின்றுகொண்டே வேலை பார்த்தார்.

எப்சியோடு நடந்து வந்தேன். தலை சுற்றல் போய்விட்டது. "அந்தம்மா கோவத்துல தொரத்துச்சா, தொரத்தற மாதிரி விட்டுச்சா? நீ இன்னா நினைக்கிற?"

"எதுவா இருந்தா இன்னாக்கா. ஒண்ணாம் தேதி சேந்துடலாம்."

அதைக்கூடத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆர்வம் இல்லை! இப்படி ஒரு பெண்ணுக்கு எதிர்வீட்டில் நான். சைரா இன்றைக்கும், "கோவம்தான் அக்கா, முகத்துல பாத்தாலே தெரியும்," என்கிறாள். நான் இல்லை என்கிறேன். அடுத்த ஒரு மாதம், புது ஆள் வரும்வரை, காலையில் ஷூ கம்பெனிக் கூட்டத்துக்கு எதிரே, சுவரை ஒட்டி, நைட் முடித்த மேட்ரனின் குள்ள உருவம் மெதுவாக வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். கோபக்காரி அப்படி நடக்க மாட்டாள். ஆனால் சந்தோஷமாக நடந்தாள் என்றும் சொல்ல முடியாது.

ஒண்ணாம் தேதி எப்சி எல்லோரும் போகிற திசையில் போனாள். சாயங்காலம் வந்தாள். பிள்ளைகள் எப்படி, நாற்காலி எப்படி, ஹெச்.எம். ஆம்பளையா பொம்பளையா என்று கேட்க நானும் சைராவும் வாசலில் தயாராக இருந்தோம். "நாளைக்குச் சொல்றேன்க்கா," என்று உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் சுவரோரம் நின்று, கிடைத்த மட்டும் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். எட்டு மணி கூட ஆகியிருக்காது. கிறிஸ்துராஜ் கதவைப் பாதி திறந்து வெளியே வந்தான். கையைக் கட்டிக்கொண்டு, சர்ச்சில் நிற்கிற மாதிரி நின்றான்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா பேசறீங்களா? அவ தூங்கறா."

சரிப்பா, சரிப்பா என்று குரலைக் குறைத்துக்கொண்டோம். பேச்சை நிறுத்தவில்லை, அது வேறு விஷயம்.